தோள்பட்டைகளுக்கு நடுவே ஓர் அடுப்பு

செய்தி வந்தபோது நான் கேம்ப் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்த பேருந்தில், ஒரு கையில் கம்பியும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. முன் இருக்கையில் இருந்த பெண்மணி, "உங்களுதுதான் சார், எடுங்க" என்று பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வசு மேடத்தின் கணவர் பாஸ்கரன் பேசினார். "அருள் சார், வசு காலைல போயிட்டா. தூக்கத்துலயே. கஷ்டப்படல." நான் "சரிங்க சார்" என்றேன். சரி என்று சொல்லக்கூடிய செய்தியா அது? ஆனால் வாயில் வந்தது அதுதான். கண்டக்டர், "சேலையூர்லாம் முன்னாடி வாங்க, சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தார். இறங்கிவிட்டேன். பேருந்து நகர்ந்த பிறகு அந்தப் பெண்மணி ஜன்னல் வழியாக, "சார், பை! சார், சாப்பாட்டுப் பை!" என்று கூவியது கேட்டது. என்னால் திரும்ப முடியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் முனைவர் வசுமதி. எங்கள் ஆய்வு நிறுவனத்தில் கொழுப்புத் திசுப் பிரிவைத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை நடத்தியவர். எனக்கு அவர் பக்கத்து அறை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்த அந்தத் தாழ்வாரத்தில் என் அறை தசைக்கு, அவர் அறை கொழுப்புக்கு. நடுவில் ஒரு மெல்லிய சுவர். அவர் தும்மினால் நான் இந்தப் பக்கத்திலிருந்து "நூறு வயசு" என்பேன். பொய்யாகிவிட்டது.

முந்தின வாரம்தான் போனில் பேசியிருந்தோம். இருதயம் களைத்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்த நேரம். மூச்சு வாங்க வாங்க அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"முழிச்சுதா அருள்?"

"இன்னும் குளிர் அறையிலதான் இருக்கு மேடம். அடுத்த வாரம் எடுத்துடுவோம்."

"சரி. முழிக்கணும்னு ஆசைப்பட்டுப் பாக்காதீங்க. என்ன இருக்கோ அதப் பாருங்க."

அவர் கேட்டது எலிகளைப் பற்றி. சரியாகச் சொன்னால், வயதான சில எலிகளின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு கொழுப்புத் திட்டைப் பற்றி. வாழ்நாள் முழுவதும் கதகதப்பில் இருந்து, வேலை இல்லாமல் தூங்கிப்போன அந்தக் கொழுப்பு, முதுமையில் குளிரைக் கண்டால் மறுபடி விழித்து வேலை செய்யுமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. ஓய்வு பெற்ற பிறகும் அதற்காகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். விடை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று சேலையூரில் அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி மூடிய குளிர்ப்பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பாஸ்கரன் சார் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், அலமாரியிலிருந்து ஒரு பழைய கம்பளி ஸ்வெட்டரை எடுத்தார். மெரூன் நிறம், முழங்கை ஒட்டுப்போட்டது. நம்மில் பலரும் பார்த்துச் சிரித்த அதே ஸ்வெட்டர். "இத அவ மேல போடலாமான்னு கேட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. நீங்க சொல்லுங்க, போடலாமா?" என்றார். முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்திய மனிதர், குளிருக்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார். நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். பிறகு அவரே அதை மடித்து என் கையில் கொடுத்து, "நீங்களே வெச்சுக்குங்க. அங்கதான் இதுக்கு வேலை" என்றார்.

அந்த ஸ்வெட்டரின் கதையைச் சொல்லியாக வேண்டும். குளிர் அறைக்குள் போவதற்காக அவர் வாங்கியது அது. நாளடைவில் கழற்றி மாட்ட மறந்து அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு மே மாதம், அனல் பறக்கும் சாயங்காலம், தாம்பரம் போக ஷேர் ஆட்டோவில் நானும் அவரும் ஏறினோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். மேடவாக்கம் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாமா, ஜுரமா? இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுகினு கீற!"

"ஜுரம் இல்லப்பா. எலிங்களோட குளிர்ல இருந்துட்டு வரேன்."

"எலிக்கு ஏசியா? எங்க வூட்ல ஒரு ஃபேன் கீது, அதுவும் சுத்தாது. அடுத்த பொறப்புல எலியா பொறக்கணும்மா நானு."

வசு மேடம் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அந்த டிரைவருக்கு ஒரு பதிலும் சொன்னார். "பொறக்கும்போது உனக்கும் எலிக்கும் ஒரே ஏற்பாடுதாம்பா. ரெண்டு பேருக்கும் முதுகுல ஒரு அடுப்பு வெச்சுதான் அனுப்பறாங்க." டிரைவர் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த அடுப்பு என்ன என்பதை நான் புரிந்துகொண்டது ஆய்வகத்தில் அல்ல. பெரிய வெள்ளம் வந்த வருடம், என் மகள் ஸ்டெல்லா பிரசவத்துக்கு எங்கள் முடிச்சூர் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை நாள் நிறையாமல், முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் ஆகவில்லை, வீட்டுக்குள் தண்ணீர். படகில் ஏறி மேட்டுக்கு வந்து, அங்கிருந்து ஒரு லாரியில் சேலையூர் போய்ச் சேர்ந்தோம். வசு மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். கரண்ட் இல்லை. எல்லாம் ஈரம். என் மனைவி குழந்தையைத் துணிமேல் துணியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். குழந்தையின் பாதம் ஜில்லென்று இருந்தது. ஆனால் அது நடுங்கவில்லை. நடுங்காததால் குளிரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"பச்சக் கொழந்தைக்கு நடுங்கத் தெரியாது ஸ்டெல்லா" என்றார் வசு மேடம். "நாம தசைய ஆட்டிச் சூடு பண்ணிக்குவோம். அது முதுகுல இருக்கற பழுப்புக் கொழுப்ப எரிச்சுத்தான் சூடு பண்ணிக்கும். இவ முந்திப் பொறந்துட்டா இல்லையா, அடுப்பு இன்னும் சின்னது. வெறகு கம்மி. அதனால உன் சூட்ட இவளுக்குக் குடு. துணியெல்லாம் எடு, நெஞ்சு மேல போட்டு அணைச்சுக்கோ. மேல நான் போர்த்தறேன்." அந்த மெரூன் ஸ்வெட்டர்தான் அன்றைக்கு இருவர் மேலும் கிடந்தது. என் மனைவிக்குச் சந்தேகம். பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது, "இருங்க, வெதுவெதுப்பா ஆயிடுச்சு, நீங்களே தொட்டுப் பாருங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். மழை விட்டு வழி திறந்ததும் குழந்தையை மறுபடி டாக்டரிடம் காட்டினோம். நன்றாக இருக்கிறாள் என்றார். அந்தக் குழந்தை இப்போது முடிச்சூர் சாலையில் சைக்கிளை விழுந்தடித்து ஓட்டுகிறாள். நான் கத்தியும் கேட்பதில்லை.

இப்போது எங்கள் இரண்டு அறைகளுக்கும் வருகிறேன். நான் தசைக்காரன். தசை என்றால் வேலை, ஓட்டம், கௌரவம். கொழுப்பு என்றால் தொந்தி. இப்படித்தான் அவரைச் சீண்டிக்கொண்டிருப்பேன். அவரோ, "உங்க தசைக்கு எண்ணெய் போடறது யாரு?" என்று திருப்பிக் கொடுப்பார். பழுப்புக் கொழுப்பும் வெள்ளைக் கொழுப்பும் அண்ணன் தம்பி என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொல்லித்தந்தார்கள். இரண்டும் எண்ணெயைச் சேர்த்து வைக்கின்றன, இரண்டும் கொழுப்பு, வேறென்ன வேண்டும்? வெள்ளை, எண்ணெயை ஒரே பெரிய துளியாக வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். பழுப்பு, சின்னச் சின்னத் துளிகளாகப் பிரித்து வைத்து எரிக்கும். எரிப்பதற்கான மைட்டோகாண்டிரியாக்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால்தான் அந்தப் பழுப்பு நிறமே.

பிறகு உலகத்தில் சில ஆய்வகங்கள் கருவிலிருந்தே இந்தச் செல்களைப் பின்தொடர்ந்து பார்த்தன. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பு பெரும்பாலும் தசை பிறக்கும் அதே இடத்திலிருந்து, அதே மூதாதைச் செல்லிலிருந்து கிளம்பி வருகிறது என்று தெரிந்தது. ஒரு மரபணு இருக்கிறது. அது வேலை செய்தால் அந்தச் செல் பழுப்புக் கொழுப்பாகும். வளர்ப்புத் தட்டில் அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்தச் செல் தசையாகப் போய்விடுகிறது. வெள்ளைக் கொழுப்பில் பெரும்பகுதி வேறு வழியாக வருவது. அந்தச் செய்தியைப் படித்த அன்று வசு மேடம் சுவரைத் தட்டினார். நான் போனேன். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க பங்காளி" என்றார். "இத்தன நாளா நீங்க என் எதிர்க்கட்சின்னு நெனச்சேன். கடசில பாத்தா ஒரே வூட்டுப் பசங்க நாம." அன்றிலிருந்து நாங்கள் பங்காளிகள். பங்காளிகளுக்குள் என்ன நடக்குமோ அதுவும் பிறகு நடந்தது.

அவருக்கு அந்தப் பின்தொடர்தலைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு தனிவகை எலிக் குடும்பத்தை வளர்த்தார். கருவில் ஒரு செல் தசைப் பாதையின் முதல் அடையாளத்தைக் காட்டினால், அந்தக் கணத்திலேயே அதற்கு அழியாத ஒரு சிவப்பு வண்ணம் வந்துவிடும். பிறகு அந்தச் செல் எப்படிப் பெருகினாலும், எதுவாக மாறினாலும், அதன் வாரிசுகள் அத்தனையும் தகுந்த விளக்கடியில் சிவப்பாக ஒளிரும். எதுவாக ஆனது என்பதைப் பார்த்து எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. வந்த இடமே கூடவே எழுதப்பட்டிருக்கும். இப்படி ஓர் எலிக் குடும்பத்தைச் சரியாக இணைசேர்த்து, சோதித்து, நிலைக்க வைக்க அவருக்கு வருடக்கணக்கில் ஆயிற்று. கல்யாணத் தரகர் என்று அவரைக் கேலி செய்வேன்.

அப்போதுதான் ஒரு கோடையின் தொடக்கத்தில் வோல்டேஜ் ஏறி, எலி அறையின் ஏசி புகைந்து போனது. புதியது வரப் பல வாரங்கள் ஆயின. நம் நிறுவனத்தில் மனிதர்கள் ஏசி கேட்டால் மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசுவார்கள். எலிகளுக்கென்றால் ஓடி வருவார்கள். அந்தத் தடவை எலிகளுக்கும் வரவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துச் சமாளித்தோம். எங்களுக்கு வியர்த்தது. எலிகள் காலை நீட்டிக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தன. யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

அந்த வாரங்களின் முடிவில் வசு மேடம் அந்த எலிகளின் திசுக்களைப் பாட்டில்களில் போட்டு என்னிடம் அனுப்பினார். வெட்டிச் சாயமேற்றிப் பார்க்கும் வேலை என் அறையில்தான் நடக்கும். பாட்டிலில் 'பழுப்பு' என்று எழுதியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரிய பெரிய வட்டங்கள், காலி வட்டங்கள். மெல்லியதாக வெட்டுவதற்காகத் திசுவை மெழுகில் போடும்போது எண்ணெய் கரைந்துபோய், அது இருந்த இடம்தான் மிஞ்சும். அத்தனை பெரிய ஓட்டைகள் வெள்ளைக் கொழுப்பில்தான் உண்டு. சுவரைத் தட்டினேன்.

"மேடம், நீங்க அனுப்பினது வெள்ள. பாட்டில் மாறிடுச்சு."

"மாறல. நானே எடுத்தேன்."

"அப்ப பக்கத்துல இருந்ததச் சேத்து வெட்டிட்டீங்க. தோலுக்குக் கீழ வெள்ளயும் இருக்குமே."

"அருள், எனக்குத் தோள்பட்டை எதுன்னு நீங்க சொல்லித் தர வேணாம்."

அதோடு பேச்சு நின்றது. உண்மையிலேயே நின்றது. பத்து அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சலில் 'அன்புடையீர்' என்று எழுதிக்கொண்டோம். ஒரே பஸ்ஸில் வேறு வேறு கதவில் ஏறினோம். இதற்கிடையில் விஷயம் அப்போதைய இயக்குநர் காதுக்குப் போனது. எலிகள் கெட்டுவிட்டன, அல்லது கலந்துவிட்டன, எப்படியானாலும் நம்ப முடியாது, மொத்தக் குடும்பத்தையும் முடித்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கையில் இருந்த ஆதாரம் என் கண்ணாடித் தகடு. வசு மேடத்தின் இத்தனை வருட உழைப்பு ஒரு கையெழுத்தில் போகவிருந்தது.

அன்று மத்தியானம் அவரே என் அறை வாசலுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. "உங்களோட சண்ட அப்புறம் போட்டுக்கறேன். ஒரு உதவி வேணும். மெழுகுல போட்டா அந்தச் சிவப்பு மங்கிடும், அதனால அதே திசுவுல கொஞ்சம் உறைய வெச்சிருக்கேன். வெட்டித் தாங்க. இருட்டறைல வெளக்கப் போட்டுப் பாக்கலாம். சிவப்பா ஒளிராட்டி, நீங்க சொன்னதுதான் சரின்னு நானே இயக்குநர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன்." நான் வெட்டினேன். இருட்டறையில் இரண்டு பேரும் நெருக்கியடித்து நின்றோம். விளக்கைப் போட்டார். முதலில் ஒன்றுமில்லை, பிறகு கண் பழகியது. பெரிய பெரிய வட்டங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு. பார்வைக்கு வெள்ளையாகிப்போன அந்தச் செல்கள் தசையின் பங்காளிகளேதான். எலி அறையின் கதகதப்பில் சூடு உண்டாக்கத் தேவை இல்லாமல் போனதால் எண்ணெயை நிரப்பிக்கொண்டு தூங்கிவிட்டன. குளிர் நாட்டுப் பாடத்தை எங்கள் ஊர்ச் சூட்டில் படித்ததில் நேர்ந்த குழப்பம் அது.

நான் உடனே போய்ச் சொல்லலாம் என்றேன். அவர் நகரவில்லை. "இருங்க. இந்த ஓரத்துல பாருங்க, கொஞ்சம் செல்லு ஒளிரவே இல்ல. அதுங்க வேற எங்கிருந்தோ வந்திருக்கு." பிறகு சந்தேகமில்லாத வெள்ளைக் கொழுப்பையும் உடம்பின் வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்துப் பார்த்தார். சில இடங்களில் அதிலும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. எனக்கு எரிச்சல். இப்போதுதான் வழக்கு ஜெயித்திருக்கிறது, எதற்கு இதையெல்லாம் கிளறுகிறீர்கள் என்றேன். "நமக்குச் சாதகமா இருக்கறத மட்டும் சொன்னா அது வக்கீல் வேலை அருள்" என்றார். எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். இயக்குநர் தானே வந்து இருட்டறையில் நின்று பார்த்தார். எலிக் குடும்பம் பிழைத்தது. புதிய ஏசியும் வந்து, அறை குளிர்ந்த பிறகு எடுத்த திசு மறுபடி பழுப்பாக இருந்தது.

அதற்கப்புறம் வசு மேடம் கொண்டுவந்த ஒரு வழக்கத்தை நம் ஆய்வகத்தில் வேலை செய்த எல்லோரும் அறிவீர்கள். பாட்டிலில் பழுப்பு, வெள்ளை என்று எழுதக் கூடாது. எங்கிருந்து எடுத்தது, அந்த எலி எந்தச் சூட்டில் இருந்தது, அவ்வளவுதான் எழுத வேண்டும். 'தோள்பட்டைக்கு நடுவே, கதகதப்பு' என்று. என்ன வகை என்பதைப் பார்த்தபிறகு சொல்லலாம். யாராவது பழக்கதோஷத்தில் 'பழுப்பு' என்று எழுதிவிட்டால் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுவார். என் பாட்டில்களும் திரும்பி வந்திருக்கின்றன, அதுவும் ஒரு தடவை இல்லை. புதிதாக வேலைக்கு ஒருவரை எடுக்கும்போதும் இதே பிடிவாதம்தான். நேர்காணலில் யாராவது "இவர் கொஞ்சம் மந்தம்போல" என்று ஆரம்பித்தால், "எங்கிருந்து வராரு, இது வரைக்கும் என்ன வேலை குடுத்தாங்க, அதச் சொல்லுங்க முதல்ல" என்பார். இப்போது அந்தப் பிரிவை நடத்தும் ஷமீமா அப்படி உள்ளே வந்தவர்தான். அவரே இதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்றபின் வசு மேடத்துக்கு இருதயக் கோளாறு வந்தது. படி ஏறக் கூடாது என்றார்கள். லிஃப்ட் வேலை செய்யும் நாள்களாகப் பார்த்து வந்தார். வெள்ளைக் கொழுப்புக்குள்ளேயே குளிரில் சில செல்கள் பழுப்புபோல வேலை செய்யத் தொடங்குவதைப் பற்றி அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் கடைசியில் மனம் முதல் காதலுக்கே திரும்பியது. "அன்னிக்கு ஏசி கெட்டப்ப தூங்கினதெல்லாம் இளசு. சில வாரம்தான் தூங்குச்சு, உடனே எழுந்துடுச்சு. வாழ்நாள் பூரா தூங்கினது எழுந்திருக்குமா? வயசானப்புறம்?" என்று ஒரு நாள் கேன்டீனில் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நரைத்த தலையோடு நானும் அவரைப் பார்த்தேன். "எலியப் பத்திதான் கேக்கறேன்" என்றார். "தெரியும்" என்றேன். ஷமீமா தன் பிரிவில் இடம் கொடுத்தார். கதகதப்பிலேயே முதுமை எய்திய எலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழக்கி, குளிர் அறைக்கு மாற்றினோம். அதற்குள் வசு மேடம் படுத்துவிட்டார்.

காரியம் முடிந்து நான் ஆய்வகத்துக்குப் போனபோது, ஷமீமா திசுவை எடுத்து மெழுகில் ஏற்றி வைத்திருந்தார். பாட்டிலில் ஷமீமாவின் கையெழுத்தில் 'தோள்பட்டைக்கு நடுவே, கதகதப்பு, பிறகு குளிர்' என்று இருந்தது. "நான் வெட்டட்டுமா சார், நீங்க வெட்டறீங்களா?" என்று கேட்டார். நான்தான் வெட்டினேன். வெட்ட வெட்ட நீண்டு வந்த மெழுகு நாடா வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்து விரிந்தது. தகட்டில் ஏந்தி, காய வைத்து, சாயமேற்றி, பார்க்கத் தயாரானபோது மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே சதுப்பு நிலத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் மாட்டியிருந்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கம். ஷமீமா எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஆசைப்பட்டுப் பார்க்கக் கூடாது என்று வசு மேடம் சொல்லியிருந்தார். அது ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை, ஆசைப்பட்டுத்தான் பார்த்தேன். முதல் பார்வையில் பெரிய காலி வட்டங்கள்தான். மனம் இற்றுப்போயிற்று. தகட்டை நகர்த்தினேன். நகர்த்த நகர்த்த ஒரு பக்கத்தில் வட்டங்கள் சிறுத்தன, உடைந்தன, நடுவே சாயத்தின் இளஞ்சிவப்பு அடர்ந்தது. சின்னச் சின்னத் துளிகள். நன்றாக எரிக்கிற செல்கள். கொத்துக் கொத்தாக, அங்கங்கே. நான் எழுந்து ஷமீமாவுக்கு இடம் விட்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், பாதிகூட இல்ல. ஆனா இருக்கு" என்றார். "இல்லாத பாதியையும் எழுதணும், தெரியும்ல?" என்றேன். "அத எழுதாட்டி மேடம் வந்து பாட்டிலத் திருப்பி அனுப்புவாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். உறைய வைத்த துண்டுகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. அவை விளக்கடியில் என்ன சொல்கின்றன என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். பார்ப்போம்.

வசு மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இரண்டு. ஒன்று இந்த ஸ்வெட்டர். இதை அணிந்துகொண்டு ஷேர் ஆட்டோவில் போவேன், யார் என்ன கேட்டாலும் எலிகளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்பேன். இன்னொன்று அந்த வழக்கம். யாரையும் எதையும் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிடாமல், எங்கிருந்து வந்தது, எந்தச் சூட்டில் இருந்தது என்று முதலில் கேட்கும் வழக்கம். எனக்கு இன்னும் அது தானாக வருவதில்லை. ஆனால் பாட்டிலைத் திருப்பி அனுப்ப அவர் இல்லாததால், நானே திருப்பி எழுதிக்கொள்கிறேன்.

அன்று மாலை கிளம்பும் முன் அந்த மெல்லிய சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு, அவர் கேட்டதற்கு அவர் கேட்ட மாதிரியே பதில் சொன்னேன்.

"முழிச்சுது மேடம். பூரா இல்ல. ஆனா முழிச்சுது."